முழங்காலிட ஒரு ஜோடி காலுறை

இடது கை காலுறைக்குள் போய் விரல்களை அகல விரித்தது. வலது கை ஒரு கறுப்புக் கால்சட்டையின் விளிம்பை அதன் பக்கத்தில் பிடித்தது. கடை வாசல் கண்ணாடிக்கு அருகே, மார்ச் மாத வெளிச்சத்தில், கைகள் அந்த இரண்டு துணிகளையும் மெல்லத் திருப்பின. காலுறையில் லேசாகப் பச்சை ஓடியது. கழற்றி வைத்தன. அடுத்ததில் நீலம். மூன்றாவது, கால்சட்டையோடு சேர்ந்து ஒரே துணியாகிவிட்டது.

"இதுதான் கறுப்பு," என்றார் ஹோலிஸ் டப்ஸ். "மத்ததெல்லாம் கறுப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது."

டெட்ராய்ட்டில் லிவர்னாய்ஸ் சாலையில் இருக்கும் ஆண்கள் உடைக் கடையில் நான் தொப்பி விற்கிறேன். ஹோலிஸ் எனக்கு எதிர்ப்புறம் பத்தொன்பது வருடமாகக் காலுறை விற்கிறார். அதற்கு முன் கார் தொழிற்சாலையில் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். இந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புதுச் சரக்கு வந்தால் அதில் ஒரு ஜோடியைத் தானே ஒரு நாள் முழுக்க அணிவார். மாலையில் கெண்டைக்காலில் பதிந்திருக்கும் தடத்தைப் பார்த்த பிறகுதான் மற்றவற்றை அடுக்குவார்.

அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த கிளியோஃபஸ் மேப்ரி. பக்கத்தில் மனைவி அர்லீத்தா. பதினோரு வருடம் சபை வாசலில் நின்று, வருகிறவர்களை இடம் காட்டி உட்காரவைத்த மேப்ரியை இப்போது பாஸ்டருக்குத் துணை நிற்கும் டீக்கன்களில் ஒருவராக ஆக்கியிருக்கிறார்கள். வரும் ஞாயிறு கறுப்பு சூட்டில் வந்து, ஆராதனையின் முதல் ஜெபத்தை அவர் செய்ய வேண்டும். எங்கள் டீக்கன்கள் சபைக்கு முதுகைக் காட்டி, ஒரு நாற்காலியைப் பிடித்தபடி முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய சபை அவர்களுடைய கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். போன வருடம் ஒருவருக்குக் காலுறை சரிந்து, சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து வறண்ட தோல் தெரிந்துவிட்டது. பாடகர் குழுப் பெண்கள் அவருக்கு 'சாம்பல் டீக்கன்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதுதான் பெயர்.

மேப்ரிக்குச் சர்க்கரை நோய், கால் வீங்கும். காலுறையில் இறுக்கமான எலாஸ்டிக் பட்டி கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தளர்வானதைப் போட்டால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

"ஜெபத்தை வேற யாருக்காவது குடுங்கன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடப் போறேன்," என்றார் மேப்ரி.

"கட்டில் பக்கத்துல இந்த மனுஷன் ஒத்திகை பார்த்துப் பார்த்து என் தூக்கமே போச்சு, பிரதர் டப்ஸ். இப்ப சாக்ஸுக்குப் பயந்து ஓடுறாராம்," என்றார் அர்லீத்தா. "கால்ல நல்லா வாசலின் தடவி விடுறேன்னேன். சரிஞ்சாலும் பளபளன்னு இருக்கும்ல?"

"அப்புறம் 'வாசலின் டீக்கன்'னுவாங்க," என்றேன் நான்.

"நீ உன் தொப்பியைப் பாரு," என்றார் ஹோலிஸ்.

அவர் தேர்ந்தெடுத்தது முழங்கால் வரை ஏறும் மெல்லிய கம்பளிக் காலுறை. மேலே பட்டி கிடையாது. நெடுக ஓடும் வரிப் பின்னலே காலைப் பிடித்துக்கொள்ளும். மேப்ரி அதை அணிந்து நடந்தார், உட்கார்ந்தார், கால்மேல் கால் போட்டார். அசையவில்லை.

"ஆனா அன்னிக்கு நான் உட்காரப் போறதில்லையே," என்றார்.

பத்தொன்பது வருடத்தில் ஹோலிஸ் எந்தக் காலுறையோடும் முழங்காலிட்டுப் பார்த்ததில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"போடுங்க முழங்கால். ஜெபத்தையும் சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நிமிஷம்."

"ஒன்பது," என்றார் அர்லீத்தா.

மேப்ரி தொடங்கினார். கோட்டும் என் தொப்பி ஒன்றும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஜெபம் கேட்டதும் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார். மூன்றாவது நிமிடம் காலுறை இரண்டு விரற்கடை இறங்கியது.

"தெரியுதா?" என்றார் மேப்ரி, திரும்பாமலே.

"தெரியுது," என்றார் மனைவி, இந்த முறை சிரிக்காமல்.

ஹோலிஸ் தரையில் உட்கார்ந்தார். காலுறையின் மேல்பக்கத்தை அவர் தொடவே இல்லை. பெருவிரல் நுனியை அழுத்திப் பார்த்தார். பிறகு குதிகாலை.

"சாக்ஸ் என்ன சைஸ் போடுவீங்க பிரதர்?"

"பத்து. கல்யாணத்துலேர்ந்து பத்துதான்."

"அந்தக் கால் இப்ப ஏது? வீங்கிப் பெருசாயிடுச்சே. மேல நிக்கலைன்னு நாம மேலயே பார்த்துக்கிட்டு இருக்கோம். கீழ இடம் பத்தல. விரலை ஊன்றினதும் பாதம் இழுக்குது, மேல இருக்கிறது இறங்கி வருது."

பன்னிரண்டாம் அளவில் மூன்று ஜோடிகள் இருந்தன. மறுபடியும் கால்சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எல்லாம் கறுப்புதானே?" என்றார் அர்லீத்தா.

"பதினோரு மணிக்கு சபை ஜன்னல்ல வெயில் வரும், சிஸ்டர்." இரண்டு ஜோடிகளை ஒதுக்கினார்.

மேப்ரி இரண்டாவது முறை முழங்காலிட்டார். ஒன்பது நிமிடம் தாண்டியது. கால்சட்டை மேலே ஏறியது. அதன் விளிம்பிலிருந்து காலணி வரை ஒரே கறுப்பு. கடையிலிருந்த எல்லோரும் "ஆமென்" சொன்னோம். ஹோலிஸ் மட்டும் சொல்லவில்லை. காலுறையைக் கீழே சுருட்டி, தன் காலைப் பார்ப்பதுபோல அந்தக் கெண்டைக்காலைப் பார்த்தார். வளையம் பதியவில்லை, மெல்லிய வரிகள் மட்டும். அதன் பிறகு சொன்னார், "ஆமென்."

கழற்றிய ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக மடித்து மெல்லிய தாளில் சுற்றினார்.

"பந்து மாதிரி சுருட்டி வைக்காதீங்க சிஸ்டர், வாய் தளர்ந்துடும்."

அர்லீத்தா கை நீட்டினார். ஹோலிஸ் அவரைத் தாண்டி, மேப்ரியின் இரண்டு கைகளிலும் அதை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பார்க்கலாம், டீக்கன்."