சிவப்பு வில்லையும் இந்திய விதியும்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஹெல்கா, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு விளையாட வரும்படி அழைத்தார். நான் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். "ஒன்றும் வேண்டாம். ஆளுக்கு மூன்று சிப்ஸ், அது போதும்" என்றார். ஜெர்மானியர்கள் சிக்கனக்காரர்கள் என்று வந்த நாள்முதல் கேள்விப்பட்டிருக்கிறேன். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதோடு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அழைப்பதற்கும் பழகிவிட்டேன். ஆனால் உருளைக்கிழங்கு சிப்ஸை எண்ணி வைப்பார்கள் என்று நினைக்கவில்லை. பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மின்சார மீட்டர் பார்க்க வருபவர்கூட ஒரு டம்ளர் மோர் குடிக்காமல் போனதில்லை. பாவம், பென்ஷனில் கஷ்டப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு டப்பா முறுக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

மேசையில் ஆப்பிள் கேக் ஒன்று, செர்ரி கேக் ஒன்று, ஒரு பெரிய கிண்ணம் நிறையக் க்ரீம். ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் வட்டமான பிளாஸ்டிக் வில்லைகள் மூன்று. சூதாட்ட விடுதிகளில் பணத்துக்குப் பதிலாகப் புழங்குபவை. இங்கே குடும்ப விளையாட்டுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். "இதோ உன் சிப்ஸ்" என்றார் ஹெல்கா. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவை புதிது என்று நினைத்து, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல உரக்க, நிறுத்தி நிறுத்தி விளக்க ஆரம்பித்தார். எனக்கு அவை புதிதில்லை. நான் அப்படிப் பார்த்ததற்கு வேறு காரணம் இருந்தது.

எண்பதுகளில் என் அண்ணன் சாமுவேல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலையில் இருந்தார். யாரும் கேட்டு வராமல் கிடந்த பெட்டிகளை ஏலம் விடும்போது, ஒரு தகர டப்பா நிறைய இந்த வில்லைகளை வாங்கிவந்தார். அம்மா சர்ச்சில் மாதர் சங்கத்தில் இருந்தவர். சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வரக்கூடாது. வில்லையில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை என்பதால் மறுப்புச் சொல்லவில்லை. அண்ணன் தானே விளையாட்டுகள் கண்டுபிடித்தார். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்ப இடப்பக்கம், வலப்பக்கம் இருப்பவருக்கு வில்லையைத் தள்ளுவது ஒன்று. தூர நின்று சோற்றுப் பானைக்குள் வில்லையை எறிவது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்தபின் அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அப்பா இறந்தபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்த விளையாட்டுகளில்தான் பார்த்தேன்.

நாளடைவில் வீட்டுத் தகராறுகளையும் வில்லைதான் தீர்த்தது. அண்ணன் ஒரு கையில் சிவப்பும் மறு கையில் வெள்ளையும் வைத்து மூடி நீட்டுவார். சிவப்பைத் தொட்டவர் அடிபம்பில் தண்ணீர் அடிக்கவேண்டும், ரேஷன் கடையில் நிற்கவேண்டும். வெள்ளை எடுத்தவருக்கு விடுதலை. எனக்கும் என் தங்கை கிரேஸுக்கும் எதில் சண்டை வந்தாலும் இதில் வராது. வில்லை சொன்னால் சொன்னதுதான்.

நானும் கிரேஸும் அடுத்தடுத்து நர்சிங் படித்தோம். நான் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் சேர்ந்தேன். அங்கே எக்ஸ்ரே பிரிவில் தேவராஜ் இருந்தார். வேலை முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரயில்வே கேட் வரை என்னோடு நடந்து வருவார். அதைத் தாண்டி எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இந்த விஷயத்தை நான் சொன்னது கிரேஸிடம் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் நர்ஸாக இருந்த ரோஸி சித்தி விடுமுறையில் வந்தார். தன் மருத்துவமனையில் ஓர் இடம் இருக்கிறது, இரண்டு பெண்களில் ஒருத்தியை அழைத்துப்போகிறேன் என்றார். கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் வாய் திறக்கவில்லை. அண்ணன்தான் எழுந்துபோய்த் தகர டப்பாவை எடுத்துவந்தார். அம்மா எங்கள் எல்லோரையும் முழங்கால்போடச் சொல்லி, "ஆண்டவரே, உமக்குச் சித்தமானவளை நீரே தெரிந்தெடும்" என்று உரக்க ஜெபித்தார். பிறகு அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டி, "ஸ்டெல்லா, நீதான் பெரியவ. மொதல்ல நீ தொடு" என்றார். நான் இடது கையைத் தொட்டேன். சிவப்பு. கிரேஸ் என்னைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

தேவராஜிடம் கர்த்தருடைய சித்தம் என்று சொன்னேன். அவரும் சர்ச்சுக்குப் போகிறவர், எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த வருஷமே பெருங்களத்தூரில் பெண் எடுத்தார். நான் இங்கே வந்து, வாயில் நுழையாத மொழியைப் படித்து, படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் புரட்டித் துடைத்து, பனிக்காலத்தில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்பினேன். அழுகை வரும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வேன். என்னை யாரும் அனுப்பவில்லை, நான் தெரிந்தெடுக்கப்பட்டேன். பல வருஷங்கள் அந்த நினைப்பில்தான் ஓடின.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பொழிச்சலூர் அடையாளமே தெரியவில்லை. வயல் இருந்த இடமெல்லாம் மாடிவீடு. அண்ணி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். வஞ்சிர மீன் குழம்பு, பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் அதே டப்பாவைக் கொண்டுவந்து மாமனாருக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். பேச்சுவாக்கில், "எங்க வூட்ல ஜெர்மனிக்கு ஆள் போனதே இந்த வில்லையாலதான் மாமா. ரெண்டு கையிலயும் சிவப்பு வச்சிகினு நீட்னேன். எதைத் தொட்டாலும் ஜெர்மனிதான்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அவர் சொன்னது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"இன்னா சொல்ற அண்ணா?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. "உனக்குத் தெரியாதா? அம்மா எப்பவோ சொல்லியிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்."

அம்மாவைப் பார்த்தேன். அவர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். "அதுக்கு இன்னா இப்போ? நல்லாத்தானே கீற? நீ எங்க போனாலும் பொழைச்சிப்ப. அவ போயிருந்தா அழுதுகினே செத்திருப்பா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா போயிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியே."

"அது நீ போற எடத்துல நல்லா இருக்கணும்னு பண்ணது" என்றார் அம்மா. அவர் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்கட்டில் கிரேஸ் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் நிமிராமலே, "பயமா இருந்துச்சுக்கா. அண்ணன் மொதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டாரு" என்றாள். "தேவராஜைப் பத்தி உனக்குத் தெரியுமே" என்றேன். அவள் துலக்கிய தட்டையே திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் வைத்துக்கொள்ள ஒருத்தி, அனுப்பிவைக்க ஒருத்தி என்று என் வீடு முன்பே பிரித்து வைத்துவிட்டது. கடவுள் செய்தார் என்று நான் நம்பியதை என் அண்ணன் செய்திருக்கிறார். யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறினேன். அதற்குப்பின் வீட்டுக்கு நான் போன் பண்ணவில்லை.

ஹெல்கா வீட்டு விளையாட்டு மிக எளிதானது. மூன்று வில்லைகளில் எத்தனையை வேண்டுமானாலும் உள்ளங்கையில் மறைத்து, மூடிய கையை மேசைமேல் நீட்டவேண்டும். எல்லோர் கையிலும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று ஊகிக்கவேண்டும். ஹெல்கா, அவர் கணவர் டீட்டர், மகள் ஊட்டே மூவரும் கையை நீட்டினார்கள். டீட்டரின் பெரிய முஷ்டி எனக்கு நேர் எதிரே இருந்தது. அவருடைய மறு கை மேசைக்கு அடியில் இருந்தது.

"அந்தக் கையையும் காட்டுங்கள்" என்றேன்.

"அதில் ஒன்றும் இல்லை."

"பரவாயில்லை, காட்டுங்கள்." என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீட்டர் மறு கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். க்ரீம் ஒட்டியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அதற்குள் ஊட்டேவுக்குப் புரிந்துவிட்டதாகத் தோன்றியிருக்கவேண்டும். முகம் மலர, "ஓ, இந்தியாவில் அப்படித்தான் விளையாடுவீர்களா? நல்ல விதி!" என்றாள். உடனே எல்லோரும் மறு கையை விரித்து மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். அன்று முழுக்க, யாராவது மறந்து கையைக் கீழே இறக்கினால், "இன்டிஷே ரேகெல்! இன்டிஷே ரேகெல்!" என்று கூவிச் சிரித்தார்கள். இந்திய விதியாம். ஜெர்மன் மொழியில் ரேகெல் என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். நான் தமிழில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறுக்கு முதலில் தீர்ந்துபோனது.

மாடியேறி வந்து கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்து ஊருக்குச் சுழற்றினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், இன்றும் மன்னிக்கவில்லை. அந்த மத்தியானம் அவர்கள் இந்திய விதி என்று சிரித்ததை யாரிடமாவது தமிழில் சொல்லவேண்டும்போல் இருந்தது. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

"யாரு?" என்றது அம்மாவின் குரல்.

"நான்தான்மா, ஸ்டெல்லா. இப்பதான் வீட்டுக்கு வந்தேன்."

இத்தனை வருஷத்தில் அம்மாவிடம் பேசும்போது இந்த இடத்தை நான் வீடு என்று சொன்னதே இல்லை; ரூம் என்றுதான் சொல்வேன். அன்று எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. எதிர்முனையில் அம்மா மூச்சிரைக்கக் கேட்டார்:

"வந்துட்டியா? எங்க கீற, ஏர்போர்ட்லயா? அண்ணனை அனுப்பட்டுமா?" அதற்குள் வாயைப் போனிலிருந்து எடுத்து உள்பக்கம் பார்த்துக் கூப்பிடுவது கேட்டது. "கிரேஸ்! அடியே கிரேஸ்! ஸ்டெல்லா வந்துகினு கீறாடி! அரிசி ஒரு ஆழாக்கு சேத்துப் போடு!"

நாற்காலி நகரும் சத்தம், யாரோ ஓடிவரும் சத்தம். இல்லைம்மா என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பொழிச்சலூரில் அரிசி களையும் சத்தம் வருகிறதா என்று கேட்டபடி நின்றிருந்தேன்.