வளையத்துக்குள் முளைத்தவை

மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் அவளுக்குத் 'தட்டக்கா' என்றுதான் பெயர். சீழோ சளியோ சிறுநீரோ, எது வந்தாலும் சின்ன வட்டத் தட்டுகளில் தடவி வளர்த்து, இருப்பது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலடிப்பார்கள். பல்லியைக் கண்டால் அலறுவாள். கிருமியைக் கண்டு ஒருநாளும் பயந்ததில்லை.

அவள் கணவர் லேத் பட்டறைக்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. கல்லூரியில் பரிணாமம் படித்ததை அவள் ஒருமுறை சொல்லப்போக, பிடித்துக்கொண்டார். "உங்க தாத்தா வேணா குரங்கா இருந்திருக்கட்டும். எங்க வம்சத்துல யாருக்கும் வால் கிடையாது." அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அவளைப் பொறுத்தவரை அது பரீட்சைக்குப் படித்த பாடம். எலும்பும் பாறையும், கோடி வருஷத்துக்கு முந்தைய சங்கதி.

பட்டறையில் ஒருநாள் சுழன்றுகொண்டிருந்த இரும்புத் துண்டு தெறித்து, அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியக் கிழித்துவிட்டது. புண்ணில் சீழ் வைத்தது. அந்தச் சீழ் அவள் மேஜைக்கே வந்தது. மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தாள். மருந்தில் ஊறிய காகித வில்லைகள் ஒவ்வொன்றையும் சுற்றி, கிருமி எட்டிப் பார்க்காத அகலமான வெற்று வளையம். நேரே வார்டுக்கு ஓடினாள்.

"உங்க கிருமிக்கு நேரம் சரியில்லைங்க. எந்த மருந்து குடுத்தாலும் செத்துடும்."

ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸ் ஒருத்தி வந்து ஊசியைத் தொடர்ந்தாள். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கட்டைப் பிரிக்கும்போது அவள் மூக்கில் ஏறியது ஒரு வாசனை. கெட்டுப்போன திராட்சை மாதிரி, லேசான இனிப்பு. துணியில் பச்சைக் கறை. ஆய்வகத்தில் ஆயிரம் முறை பழகிய கிருமி வாசனைதான். தன் வீட்டுக் கட்டிலில் அதை முகர்ந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன மோந்து பார்க்கிறே? சென்ட் போட்டிருக்கேன்னு நினைச்சியா?"

"எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்குப் போலாமேடி."

"நாளைக்குன்னு சொல்லாதீங்க." அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

அன்றிரவே அவர் புண்ணிலிருந்து எடுத்த சீழைத் தட்டில் தடவி வைத்தாள். அடுத்த நாள் காலையில் கிருமி வளர்க்கும் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். எத்தனையோ பேருடைய தட்டுகளைக் காபி குடித்துவிட்டு வந்த கையோடு எடுத்துப் பார்த்தவளுக்கு, அன்று கதவைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தாள். இத்தனை நாள் போட்ட மருந்தைச் சுற்றி வளையமே இல்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி புல் மாதிரி மண்டியிருந்தது. இன்னொரு மருந்துக்கு வளையம் இருந்தது. ஆனால் அந்த வெறுமைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுப் பொட்டாக எதுவோ முளைத்திருந்தது. மற்றதெல்லாம் செத்த இடத்தில் சாகாமல் நின்றவை. மற்ற வில்லைகளைச் சுற்றியும் பழைய அகலம் இல்லை.

ஆய்வகத்து டாக்டரம்மாவிடம் தட்டை நீட்டினாள். "இது வேற கிருமியா இருக்கும், இல்லைங்களா? வார்டுல யார்கிட்டேயிருந்தாவது தொத்தியிருக்கும்." அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"இருக்கலாம். பழசைப் பிரீசர்ல வச்சிருக்கோமே. ரெண்டோட மரபணுவையும் படிக்கச் சொல்லுவோம்."

முடிவு வருவதற்குள் அவருக்குக் காய்ச்சல் ஏறி, பிதற்ற ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அதே வம்சம்தான்க்கா. பழசுல இருந்த சின்னச் சின்ன அடையாளம்கூட இதுலயும் அப்படியே இருக்கு. ரெண்டு மூணு இடம்தான் மாறியிருக்கு. மருந்து உள்ளே போற வழியை அடைச்ச மாதிரி."

"மருந்தே அதை மாத்திடுச்சா?"

"இல்லக்கா. கோடிக்கணக்குல பெருகும்போது ஏதோ ஒண்ணு தற்செயலா இப்படி மாறிப் பிறந்திருக்கு. மருந்து மத்ததையெல்லாம் கொன்னுடுச்சு, இது மிஞ்சிடுச்சு. இப்போ அவர் கால்ல இருக்கிறதெல்லாம் இதோட பிள்ளைகள்."

மாறுபாடு, இயற்கைத் தேர்வு, மரபு. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பாறைக்குள் கிடப்பதாக அவள் நினைத்திருந்தது, தன் வீட்டுக்காரர் காலில் சில வாரத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது. யானைக்கு ஒரு தலைமுறை என்றால் பல வருஷம். இவற்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பகையாளி என்றால் காலில் விழுந்தாவது கெஞ்சலாம். இதற்கு அவர் யாரென்றே தெரியாது. 

காய்ச்சல் சற்றுத் தணிந்த நேரத்தில், காலில் என்ன ஆச்சு என்று அவரே கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்போ என் காலுக்குள்ளேயே குரங்கு மனுஷனாயிடுச்சுங்கறே."

"கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தக் கிருமிக்கும் நமக்கும்கூட எங்கேயோ ஆதியில ஒரே மூதாதைதானாம். மரபணு எழுதியிருக்கிற பாஷை ரெண்டுக்கும் ஒண்ணாம், டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டார். "சொந்தக்காரனா? அதான் வந்து உட்கார்ந்துட்டுக் கிளம்ப மாட்டேங்கிறான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

மிச்சமிருந்தது ஒரு பழைய மருந்து. கிட்னியைக் கெடுக்கும் என்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருந்தது. வேறு வழியில்லாமல் அதை ஏற்றினார்கள். மாட்டியிருந்த பையில் சிறுநீர் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே அவள் கட்டிலோரம் கிடந்தாள். இரத்தத்தில் இருந்ததை அது அடக்கியது. எலும்பில் புகுந்ததை அடக்க முடியவில்லை. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் நின்றது. வீடு திரும்பி வெகுநாள்வரை அவர் வாயிலிருந்து ஒரு கிண்டல் வரவில்லை. பிறகு கட்டைக்கால் பொருத்தி, பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடைசல் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

வேறு பிரிவுக்கு மாற்றித் தருவதாக டாக்டரம்மா சொன்னார். தட்டக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பழைய தைரியமெல்லாம் போய்விட்டது. யாரோ பெயர் தெரியாத ஒரு பெண்ணின் தட்டில் ஒருநாள் அதே மாதிரிப் பொட்டுகளைப் பார்த்தவள், அறிக்கை எழுதக்கூட உட்காராமல் வார்டுக்குப் போன் போட்டாள். மற்றவர்களுக்குத் தொத்துவதற்குள் நோயாளியைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னாள்.

"மத்தியானம் மாத்தினா போதாதாக்கா? இங்கே ஆளே இல்லை," என்றாள் நர்ஸ்.

"மத்தியானத்துக்குள்ள அதுங்க பேரன் பேத்தி எடுத்துடும்மா. நானே வர்றேன், ரெண்டு பேருமா கட்டிலைத் தள்ளலாம்."

போனை வைத்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மாடிப்படி ஏறினாள்.