ஊர்த் தொலைக்காட்சியை விற்ற பதினான்கு உறைகள்

எர்ன்ஸ்ட் ஒரு திருடன். ஊரே சேர்ந்து வைத்திருந்த விளையாட்டுத் தொலைக்காட்சியைத் தன் மைத்துனனின் கம்பனிக்கு விற்றவன். அந்தத் திருட்டுக்கு உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டவன் நான்.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். இரக்கப்பட வேண்டாம். 

சுவிஸில், வின்டர்தூரிலிருந்து ரயிலில் அரைமணித் தூரத்தில் இருக்கும் சிறிய ஊர் அது. கூரைக்குக் கூரை அன்ரனா நிற்பது அழகைக் கெடுக்கிறதென்று, ஊரவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, குன்றின்மேல் ஒரே அன்ரனாவை நட்டு, வீடுவீடாகக் கேபிள் இழுத்தார்கள். சனிக்கிழமைகளில் தாங்களே குழி வெட்டினார்கள். கேபிள் வந்த ஒவ்வொரு வீடும் பங்காளி. ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. பணக்காரனுக்கும் ஒன்று, அகதியாக வந்த எங்களுக்கும் ஒன்று.

அந்தக் கேபிளில் ஓர் அலைவரிசை ஊர் விளையாட்டுக்கென்றே இருந்தது. தபால் கந்தோரில் வேலை செய்த றூத் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவார். ஞாயிறு நடந்த உதைபந்தாட்டம் திங்கள் மாலை வரும். றூத் தும்மினால் மைதானமே குலுங்கும். அப்படியான தொலைக்காட்சிதான். ஆனால் அது அவர்களுடையது.

எங்கள் தவம் ஊர்க் கழகத்தின் இரண்டாம் அணியில் இடதுபக்கம் ஓடுவான். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவன். படத்தில் வரத் தொடங்கியபின், ரொட்டி விற்கும் பாண் கடைக்காரி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த ஊரில் எங்களில் ஒருவனுக்குப் பெயர் கிடைத்தது அதுவே முதல்முறை. மற்றவர்களெல்லாம் ‘அந்தத் தமிழர்’.

நான் எர்ன்ஸ்ட்டிடம் குழி வெட்டினேன். பின்னாளில் கேபிள் வேலைக்குக் கொந்தராத்து எடுத்தவன் அவன். சங்கத்தின் தலைவனும் அவனே. சங்கத்தை விற்கலாமா என்று கேட்டு எல்லா வீட்டுக்கும் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. உறைக்குள் ஒரு சீட்டும், ஒப்பம் வைக்க ஓர் அட்டையும். எர்ன்ஸ்ட் என்னைத் தன் வாகனத்துக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினான். உன் ஆட்களின் பதினான்கு வீட்டு உறைகளையும் ‘யா’ என்று நிரப்பிக் கொண்டுவா, இந்த நாட்டில் தங்க உனக்கு வேண்டிய பேர்மிற்றுக்கு நான் கடிதம் தருகிறேன் என்றான். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், யா என்றால் ஓம்.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை இருந்தது. வீட்டுக்கொரு நாள் முறை. இளஞ்சூடாக இருப்பதால் எவன் முறையென்றாலும் எல்லோரும் அங்கேதான் கூடுவோம். அன்று தவத்தின் முறை.

“என்னண்ணை, திரும்பவும் கடுதாசியோ?”

“ஓம். இதிலை ஒரு ஒப்பம் வை.”

“டொச்சிலையெல்லோ கிடக்கு. என்னவாம்?”

“கேபிள் அலுவல்.”

பக்கத்தில் நின்ற செல்வம் சிரித்தான். “அவரிட்டைக் கேட்டு என்ன? அண்ணைக்கும் டொச் குழி வெட்டுற அளவுக்குத்தான் தெரியும்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அதைவிடக் கூடத் தெரியும். தவம் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினான்.

“பேர்மிற்றுக்கு உதவுமோ அண்ணை?”

நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் எங்களுக்கு வந்த டொச் கடிதமெல்லாம் ஒரே கடிதம்தான். இருக்கலாமா, போக வேண்டுமா. ஒப்பம் கேட்டால் வைப்போம். வைக்காவிட்டால் கோப்பில் ஏதும் எழுதிவிடுவார்களோ என்ற பயம். அதிலும் தெரிந்த அண்ணை கொண்டுவந்ததை வாசித்துக் காட்டச் சொல்வது மரியாதை இல்லை.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? “வை, கெட்டதுக்கில்லை” என்றேன். பதினான்கு வீட்டிலும் அதையே சொன்னேன். சீட்டுகளில் ‘யா’ என்று எழுதியது என் கை.

ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் விற்பனை நிறைவேறியது. பள்ளிக்கூட மண்டபத்தில் எர்ன்ஸ்ட் ஒலிவாங்கியில் அதை வாசித்தான். மைத்துனனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கம்பனி முதல் வேலையாக றூத்தின் கமெராவைப் பெட்டியில் போட்டுப் பூட்டியது. அதே அலைவரிசையில் பெரிய நகரங்களின் ஐஸ் ஹொக்கி வந்தது. அதைப் பார்க்கவும் ஒரு கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டும். பிறகு சூரிச்சிலுள்ள பெரிய கம்பனி ஒன்று அந்தக் கம்பனியையும் விழுங்கியது. தங்கள் கையால் குழி வெட்டியவர்கள் வெறும் வாடிக்கையாளர் ஆனார்கள்... தூ.

ஒருநாள் றூத் நிலவறைக்கு இறங்கி வந்தார். வாக்குகளை எண்ணியவர்களில் அவரும் ஒருவர். எங்கள் உறைகள் பதினான்கிலும் ‘யா’ இருந்ததைக் கண்டவர். தவத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் டொச்சில் சொன்னார்: “கேள் இவனை. மழையென்றும் பாராமல் ஏணியில் நின்று இவனைப் படம் பிடித்தேன். ஏன் யா போட்டான்?”

நான் கேட்டேன். தவம் திகைத்துப் போனான்.

“நான் ஒண்டுக்கும் யா போடேல்லை. பேர்மிற்றுக்கெல்லோ ஒப்பம் வைச்சனான். அவவுக்கு அதைச் சொல்லுங்கோ அண்ணை.”

நான் றூத்திடம் திரும்பினேன். “கூடுதல் சானல் வருமென்று போட்டானாம்” என்றேன்.

அவர் தவத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. படியேறிப் போனார்.

“என்னவாம் அண்ணை?”

“ஒண்டுமில்லை. விளங்கிக்கொண்டா.”

உறைகளுக்காவது ஒரு சாட்டுச் சொல்லலாம்: கடிதம் வேண்டியிருந்தது, பயம். இதற்கு என்ன சாட்டு? இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பொய் சொன்னேன். அதற்குப் பிறகு பாண் கடைக்காரி தவத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏனென்று அவனுக்குத் தெரியாது.

எர்ன்ஸ்ட் சொன்னபடி கடிதம் தந்தான். எனக்குப் பேர்மிற் வந்தது. தவத்தின் விண்ணப்பம் தள்ளுபடியானது. பிரான்ஸ் பக்கம் போகிறேனென்று கிளம்பினான். அவனுடைய பையை நான்தான் ஸ்டேசனுக்குத் தூக்கிப் போனேன். ரயில் வருமுன் என்னைக் கேட்டான்:

“அந்தக் கடுதாசியிலை நான் ஒப்பத்தை வடிவா வைக்கேல்லையோ அண்ணை?”

“வடிவாத்தான் வைச்சனி” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு ஏறினான். இப்போது எங்கே இருக்கிறானென்று தெரியாது. அந்தப் பேர்மிற் என் சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

இதை டொச்சில் எழுதிப் பள்ளிக்கூட மண்டபத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப் போகிறேன். இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்ப்பேன். ஊர் என்மேல் துப்பட்டும். றூத் முதலில் துப்பட்டும்.

ஆனால் எர்ன்ஸ்ட், நீயும் வா. அதே மண்டபம், அதே ஒலிவாங்கி. வாங்கியவன் உன் மைத்துனனென்று ஏன் மறைத்தாய்? என்னை எதற்காக அந்தப் பதினான்கு கதவுகளுக்கு அனுப்பினாய்? குழி வெட்டிய அத்தனைபேரும் கேட்கப் பதில் சொல்.