ஒரு பெர்சொன்னும் நீலச் சட்டையும்

கல்லூரியில் நான் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காகத்தான். அந்த மார்க் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை வாங்கித் தந்தது, காண்டிராக்டில். இந்தப் பொங்கலுக்குப் பெர்மனென்ட், அடுத்த பொங்கலுக்குப் பெர்மனென்ட் என்று வாயாலேயே வடை சுட்டார்கள்.

புது மெஷின் பொருத்த இத்தாலிக்காரர் ஒருவர் வந்தார். பிரெஞ்சு தெரிந்தவளுக்கு இத்தாலி மொழி வராதா என்று என்னையே அவரிடம் தள்ளிவிட்டார்கள். நல்லவேளை, அவருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்திருந்தது. டீ நேரத்தில் அவர்தான் ஒரு சொல்லைப் பற்றிச் சொன்னார். அவர் மொழியில் பெர்சோனா என்றால் ஆள். பள்ளியில் அவர் படித்த லத்தீனில் அது நாடகக்காரர் மாட்டிக்கொள்ளும் முகமூடி. என் பிரெஞ்சில்தான் கூத்து. முன்னால் 'ஒரு' சேர்த்தால் பெர்சொன் ஆள். ஆணானாலும் பெண்ணானாலும் சொல் பெண்பால். 'ஒரு'வை எடுத்துவிட்டு 'இல்லை'யோடு வைத்தால் யாருமில்லை என்று பொருள், பாலும் ஆண்பாலாகிவிடும். இல்லாமல் போவதில்கூடப் பெண்ணுக்கு இடமில்லை என்றேன். அவர் சும்மா சிரித்துவைத்தார்.

பெர்மனென்ட்காரர்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்குச் சாம்பல் நிறம். லைனில் காண்டிராக்ட் ஆட்கள் இருப்பது பிரான்சிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் வரும் நாளில் மட்டும் எங்களுக்கும் நீலம் கிடைக்கும். புது மெஷின் ஓடத் தொடங்கியதும் அவர்கள் பார்க்க வந்தார்கள். அந்த முறை சூப்பர்வைசர் என்னிடமும் ஒன்றை நீட்டினார்.

"இத்தப் போட்டுகினு வாம்மா. அவங்க கெளம்புற வரைக்கும்தான்."

என் பெர்மனென்ட் என்னவாயிற்று என்று கேட்டேன். விசிட் நல்லபடியாக முடிந்தால் மறுநாளே பெர்மனென்ட் ஆர்டர் என்றார். பாவி மனசு, நம்பியது.

நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசினேன். வந்திருந்த பிரெஞ்சு அம்மாள் கிளம்பும்போது என்னைக் காட்டி மேனேஜரிடம் பிரெஞ்சில் ஒன்று சொன்னார். இப்படிப்பட்டவரை நிரந்தரமாக வைத்திருக்கிறீர்களே, பாராட்டுகிறேன் என்பதுதான் அது. அதை மேனேஜருக்கு நானே சொல்ல வேண்டியிருந்தது. அவர் பணிவாக நன்றி சொன்னார். அதையும் நானே பிரெஞ்சில் திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் கூப்பிட்டார்கள். மெஷின்தான் ஓடுகிறதே, இனி மொழிபெயர்க்க வேலையில்லை என்றார்கள். சட்டையைத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் துவைத்துக் காயவைத்து, மடித்து எடுத்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி அதை உதறி விரித்து, பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் இருந்தன.

"சரி, போம்மா" என்றார்.