பெரியவரின் நெற்றி

என் அத்தானுக்கு நெற்றி வரைய வராது. மூக்கு வரும், தாடி வரும், கண்ணை வரைந்தால் பார்க்கிறவர்கள் தங்களையறியாமல் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நெற்றியில் தூரிகையை வைத்தால் மட்டும் அது பூசணிக்காய் ஆகிவிடும். இதை மறைக்கத்தான் இளவயதில் பெரியவரின் தலைத்துணியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டு வரைய ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் என் அக்காவிடம் அவரே சொன்னது இது. அக்கா போய்ச் சேரும்வரை நாங்கள் இருவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஊர் அவருக்கு வைத்த பெயர் முக்காட்டு ஓவியர்.

பெரியவர் எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த துறவி. எங்கிருந்து வந்தார், எந்த மதத்தில் பிறந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு அவர் சொன்னதும் இல்லை. கோயிலுக்குப் போகிற இந்துக்களும் பள்ளிவாசலுக்குப் போகிற முஸ்லிம்களும் அவர் தங்கியிருந்த கூடத்துக்கு வந்து ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். வாசலில் விற்றதெல்லாம் அத்தான் வரைந்த படங்கள்தான். துணிக்கு அடியில் திருநீறு இருக்கிறது என்று ஒருவர் வாங்குவார். தொழுது தொழுது காய்த்த தழும்பு இருக்கிறது என்று இன்னொருவர் வாங்குவார். அத்தான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். கையாலாகாத்தனம் ஒரு ஊரையே சேர்த்துவைத்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

கூடத்தில் மாட்டியிருந்த பெரிய படம் ஈரத்தில் உப்பி உரிந்துபோனது. புதிதாக ஒன்று வரையச் சொன்னார்கள். அதிலிருந்து பிடித்தது சனி.

முதலில் வந்தவர் மரக்கடைக்காரர். கோயில் பக்கத்து ஆட்களுக்கு எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நான் கொடுத்த டீயைப் பாராட்டிக் குடித்துவிட்டு, இந்த முறை துணியை மேலே ஏற்றி நெற்றியையும் திருநீற்றையும் காட்டிவிடும்படி கேட்டார். அத்தான் மழுப்பினார். எழுந்து போகும்போது, கிளினிக்கில் வேலை பார்க்கிற அத்தானின் மகளைப் பற்றிச் சொன்னார்: "பொண்ணு கிளினிக்ல இருந்து கடைசி பஸ்லதானே வருது? காலம் கெட்டுக் கெடக்கு. பாத்துக்கங்க."

மூன்று நாள் கழித்து இரும்புக்கடைக்காரர் வந்தார். பள்ளிவாசல் பக்கத்துக்கு அவர். அவருக்கும் டீ. அவருக்கும் நெற்றிதான் வேண்டும், தழும்போடு. அவரும் போகும்போது பெண்ணைப் பற்றி விசாரித்தார். அவள் பிடித்து வருகிற குடை என்ன நிறம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலையே அவளை லீவு போடச் சொல்லி என் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டேன். தாயில்லாப் பெண், எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? எதையாவது ஒன்றை வரைந்து தொலையுங்கள், இல்லையென்றால் கையை உடைத்துக்கொண்டேன் என்று படுத்துவிடுங்கள் என்று அத்தானிடம் சண்டை போட்டேன். அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். சோறு வைக்கப் போனால் படத்தின் மேல் போர்வையைப் போட்டுவிட்டுத்தான் திறப்பார். "இதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, பாரேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் கூடியது.

படத்தை மாட்டுகிற அன்று கூடத்தில் நிற்க இடமில்லை. ஆனால் பாயில் யாரும் உட்காரவில்லை. இந்தப் பக்கச் சுவரோரம் ஒரு கூட்டம், அந்தப் பக்கச் சுவரோரம் ஒரு கூட்டம். போர்வையை இழுத்தார்கள்.

பெரியவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோய்க்கொண்டிருந்தார். வெள்ளைத்துணி, கொஞ்சம் கூனிய தோள், வெடித்த குதிகால். நெற்றி என்ற பேச்சுக்கே இடமில்லை. படுபாவி, தப்பித்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மாள் விசும்பினாள். "நம்மள விட்டுட்டுப் போறாரே."

அதுவரை எல்லோரும் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் அவர் எங்கே போகிறார் என்று பார்த்தார்கள். ஒரு சந்து. ஒழுகுகிற குழாய். சந்தின் கடைசியில், கீழ்ப்பலகை பெயர்ந்த ஒரு நீலக் கதவு. ஒருவன் சத்தமாகவே சொன்னான்: "இது பெயிண்டர் வீடுல்ல?"

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "தெனம் வீட்டுக்கு நடந்து வர்ற வழியத்தான் வரைஞ்சேன். எனக்கு வேற தெரு வரையத் தெரியாதே" என்றார், என் காதில் மட்டும் விழும்படி.

கூட்டம் கலையவில்லை, கத்தவும் இல்லை. பெரியவர் நம் கூடத்தை விட்டுவிட்டு இவன் வீட்டுக்கா போவார், இவனுக்கு இவ்வளவு திமிரா என்ற பேச்சு இரண்டு சுவரோரமும் ஒன்றுபோலவே ஓடியது. மரக்கடைக்காரர் பாயைத் தாண்டி வந்தார். இரும்புக்கடைக்காரரும் வந்தார். எதிரும் புதிருமாக இருந்த இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று வழியெல்லாம் கெஞ்சினேன். ஓடினால் தப்பு செய்தவன் ஆகிவிடுவேன் என்று அத்தான் பிடிவாதமாகத் தன் வீட்டுக்கே நடந்தார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிய என் வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, மரியாதையாகத்தான் தட்டினார்கள். அத்தானே போய்த் திறந்தார். கடைக்காரர்கள் இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். பின்னால் சந்து முழுக்க ஆட்கள். இந்த முறை யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

"வாங்க, உக்காருங்க. டீ போடச் சொல்றேன்" என்றார் அத்தான்.

"டீ வேணாம்" என்றார் மரக்கடைக்காரர்.

இரும்புக்கடைக்காரர் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற என்னிடம் வந்து அவர் பார்வை நின்றது.

"பொண்ணு சித்தி வீட்லதானே இருக்கு?" என்றார். "தனியாவா?"