ஓரகத்தியின் எடை

என் கொழுந்தன் பெண்டாட்டியும் நானும் ஒரே நாளில் சோற்றை விட்டோம். அவளுக்கு எடை குறைந்தது. எனக்குக் குறையவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சித்திரபுரத்தில் சரிவின் மேல் எங்கள் வீடு. மாமனார் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கட்டியது. பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பி மூத்தவருக்கு ஒரு பாதி, இளையவருக்கு ஒரு பாதி என்று பிரித்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறார். கொழுந்தன் ஜீப் ஓட்டுகிறார். நான் மூணாறில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலையும் சாக்லேட்டும் விற்கும் கடையில் நிற்கிறேன். அவள் பள்ளிவாசல் ஊர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். அவள் குழம்பு தாளிக்கும் சத்தம் என் அடுப்படிக்குக் கேட்கும். நான் என் பிள்ளையைத் திட்டுவது அவளுக்குக் கேட்கும்.

சோற்றை விடும் யோசனை என்னுடையது. அதை நான் இன்றும் அழுத்தித்தான் சொல்கிறேன். எனக்கு எண்பத்திரண்டு கிலோ. கடையில் மதியத்துக்கு மேல் முட்டி வலி உயிர் போகும். ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், சர்க்கரை வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, மாவுச்சத்தைக் குறைத்து எடையை இறக்கப் பாருங்கள் என்றார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எதையும் எழுதிப் படித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். போனில் தமிழிலும் மலையாளத்திலும் வந்த வீடியோக்களையெல்லாம் பார்த்து ஒரு நோட்டில் குறித்தேன். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, எல்லாம். ஒரு மாலை அவள் துணி எடுக்க வந்தவள் நோட்டைப் பார்த்தாள்.

"இது என்னக்கா?"

சொன்னேன். தன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டு, "நானும் சேந்துக்கிடவா?" என்றாள்.

எனக்குத் துணை கிடைத்த சந்தோஷம். அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தோம்.

காலையில் இரண்டு முட்டை, வெண்ணெயில் வதக்கிய பீன்ஸ். மதியம் மத்தி மீன் வறுவல், முட்டைக்கோஸ் பொரியல். ராத்திரிக்குக் கோழியோ பன்னீரோ. காலிஃபிளவரைத் துருவி வேகவைத்து அதைச் சோறு என்று நினைத்துக்கொண்டு குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். முதல் வாரம் தலைவலி. வாயில் ஒரு பழ நாற்றம். கடையில் ஒவ்வொரு தட்டாக சாக்லேட்டை வெட்டி எடை போட்டுக் கொடுக்கிறவள் நான். "டேஸ்ட் பாருங்க சார், நட்ஸ் போட்டது" என்று கையில் எடுத்து நீட்டுவேன். விரலில் ஒட்டியதைத் துணியில்தான் துடைப்பேன். யாரும் பார்க்காத நேரத்தில்கூட நக்கியதில்லை. அவ்வளவு உண்மையாக இருந்தேன்.

எடை பார்க்கும் மிஷின் என் வீட்டில் இருந்தது. ஏறி நின்றால் முள் சுற்றுகிற பழைய மாதிரி. ஞாயிறு காலை குளித்துவிட்டு அவள் என் வீட்டுக்கு வருவாள். முதலில் நான் ஏறுவேன், பிறகு அவள். நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் எனக்கு இரண்டு கிலோ, அவளுக்கு மூன்று. இருவரும் சிரித்தோம். மாதம் முடிந்தபோது எனக்கு மூன்று, அவளுக்கு ஆறு. இரண்டாவது மாதம் என் முள் அதே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவளுடையது வாரா வாரம் இறங்கியது.

அவளுக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. ஒரு நாளைக்கு எத்தனை முறை ரிசார்ட் படிக்கட்டில் ஈரப் போர்வைகளோடு ஏறி இறங்குகிறாள். நான் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவள். காரணமெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? அவள் தாடைக்குக் கீழே தொங்கிய சதை போய்க் கழுத்து நீண்டது. ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் மலையாளத்தில், "சேச்சி ஆளே மாறிட்டீங்களே" என்றபோது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். என்னைப் பார்த்து அவன் டிக்கெட் மட்டும் கேட்டான்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "தம்பி பொண்டாட்டி கல்யாணத்தப்ப இருந்த மாதிரி ஆயிட்டா, பாத்தியா?" என்றார். அவர் மனதில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றியது. அவர் தட்டில் மட்டை அரிசிச் சோற்றில் ஆவி பறந்தது. எனக்கு எதிரே காலிஃபிளவர்.

பிறகு பெண்கள் அவளிடம் யோசனை கேட்டு வர ஆரம்பித்தார்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து, ரிசார்ட்டிலிருந்து. அவள் வாசலில் நின்று, முட்டை எத்தனை, மீன் எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். அத்தனையும் என் நோட்டில் இருந்தது, என் வார்த்தைகள். "எல்லாம் அக்கா சொல்லித் தந்ததுதான்" என்று ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொல்வாள். வந்தவர்கள் திரும்பி என் வாசலைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பேசாமல் போவார்கள். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை மரவள்ளிக் கப்பையை வேகவைத்துத் தேங்காய் போட்டு மசித்து, மீன் குழம்போடு ஒரு பெரிய கிண்ணத்தில் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கப்பை என்றால் உயிர். மறுநாள் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து, "ஒரு வாய் விடாம தின்னுட்டேங்கா" என்று வெட்கப்பட்டாள். மிஷினில் ஏறினாள். அரைக் கிலோ குறைந்திருந்தது. நான் எழுதினேன். பேனா நோட்டைக் கிழித்தது.

அந்த மிஷினின் அடியில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் சரிசெய்வதற்கு. அடுத்த ஞாயிறு நான் முன்னதாகவே ஏறிப் பார்த்தேன். எழுபத்தொன்பது. மூன்று வாரமாக அதே எழுபத்தொன்பது. இறங்கிக் குனிந்து சக்கரத்தைத் திருப்பினேன். முள் இரண்டு கிலோவுக்கு நகர்ந்தது. ஏற்கெனவே யோசித்து வைத்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. ஏறும் முன் முள் பூஜ்யத்தில் இல்லாததை அவள் பார்க்க முடியாதபடி மிஷினைக் கதவு நிழலில் தள்ளி வைத்தேன்.

வந்தாள், ஏறினாள், குனிந்து பார்த்தாள். இறங்கி மறுபடி ஏறினாள்.

"அக்கா, ஏறியிருக்கு."

"அப்பிடியா?" என்று நானும் குனிந்தேன். "பரவாயில்ல புள்ள. சில வாரம் அப்பிடித்தான். அடுத்த வாரம் குறையும்."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் குளிர்ச்சியாக இருந்தது. அன்று முழுக்க வேலை லேசாக ஓடியது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்படியே மூன்று ஞாயிறு விட்டுவைத்தேன். அவள் கேள்வி கேட்கவில்லை. தன் மேல்தான் தப்பு என்று நினைத்தாள். காலை முட்டையை நிறுத்தினாள். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உப்பையும் விட்டாள். உப்பு குறையக்கூடாது என்று என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அவள் உப்பில்லாமல் மீனை வேகவைப்பதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, கடையில் கூட்டம் இருந்த நேரம், கொழுந்தன் போன் செய்தார்.

"மதினி, அவ ரிசார்ட்டுல படிக்கட்டுல மயங்கி விழுந்துட்டாளாம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. நான் டூரிஸ்ட் பார்ட்டியோட போடிமெட்டுல நிக்கேன். வாரதுக்கு ரெண்டு மணி நேரமாவது ஆகும். நீங்க போறீயளா?"

ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் தேயிலைச் சரிவில் மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. படுக்கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது அவளுக்கு. உதட்டில் மூன்று தையல். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது, கட்டுப் போட்டிருந்தார்கள். டாக்டர் இளம்பெண். பிரஷர் மிகவும் இறங்கியிருக்கிறது, உடம்பில் உப்பும் குறைந்திருக்கிறது, இவங்க என்னதான் சாப்பிடறாங்க என்று என்னிடம் மலையாளத்தில் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கு அவள் சாப்பாடு முழுக்கத் தெரிந்திருந்தது, அவள் எதையெல்லாம் விட்டாள் என்பதும் சேர்த்து.

"எதற்காக இவ்வளவு குறைத்தீர்கள்?" என்று டாக்டர் அவளிடம் கேட்டாள்.

தையல் போட்ட உதட்டை அசைக்க முடியாமல் அவள் சொன்னாள். "எடை ஏறினது ஏறினபடியே இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் அவள் காகிதத்தைப் பார்த்தாள். அங்கே எடுத்த எடை அதில் இருந்தது. "உங்கள் எடை கூடுதல் இல்லையே" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. மருந்து மயக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கை கட்டோடு தலை வார முடியாது. நான்தான் காலையில் போய் அவளுக்குச் சடை போட்டேன். அவளுக்கு நீளமான முடி. இரண்டாவது நாள், அவள் பின்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத தைரியத்தில் சொன்னேன்.

"நான் அந்த மிஷினத் திருப்பி வச்சேன்."

ஒரு பின்னல் பின்னிவிட்டு மீதியைச் சொன்னேன்.

"உனக்கு எடை ஏறவே இல்ல. நான்தான் ரெண்டு கிலோ கூட்டி வச்சேன். மூணு வாரம்."

என் கையில் பாதிச் சடை இருந்தது. "சடையப் போட்டு முடிங்க" என்றாள். முடித்தேன். எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா?"

"உனக்குக் குறைஞ்சுச்சு. எனக்குக் குறையல."

வேறு எந்தக் காரணமும் என்னிடம் இல்லை.

"கிலோவக் கூட்டி வச்சது கூட இருக்கட்டும்" என்றாள். "நான் மூஞ்சியத் தொங்கப் போட்டு நின்னப்ப, பரவாயில்ல புள்ள, அடுத்த வாரம் குறையும்னு சொன்னீக பாருங்க. அத எப்பிடிச் சொல்ல முடிஞ்சது உங்களால?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவள் கொழுந்தனிடம் சொல்லவில்லை என்பது, அவர் என்னிடம் வழக்கம்போல் "மதினி, சாயா இருக்கா?" என்று கேட்டபோது தெரிந்தது. ஆனால் என் வாசல் பக்கம் அவள் வரவில்லை. மறுநாளிலிருந்து கொழுந்தன்தான் அவளுக்குத் தலை வாரினார். ரப்பர் பேண்டு போட்டு, ஒரு பக்கம் மேலேறி ஒரு பக்கம் சரிந்து, பார்க்கச் சகிக்காது. அப்படியே பஸ் ஏறிக் கட்டு மாற்றப் போவாள். நான் பின் சீட்டில் இருந்து அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு போவேன். பன்னிரண்டு நாள் போனது. பதின்மூன்றாவது நாள் காலை சீப்போடு வந்து என் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"இவுக வாருனா முடி பாதி கையோட வருது" என்றாள். அவ்வளவுதான். நான் சடை போட்டேன்.

அதெல்லாம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இருவரும் மதியம் ஒரு கரண்டி சோறு சாப்பிடுகிறோம். ஆசுபத்திரியில் பார்த்த அந்த டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு. இட்லி, கப்பை எல்லாம் எப்போதாவது. என் எடை மெதுவாக எழுபத்து நான்குக்கு வந்திருக்கிறது, சர்க்கரை வரம்புக்குள் இருக்கிறது, முட்டி வலி பாதி போய்விட்டது. அவளுக்கு மூன்று கிலோ திரும்ப ஏறியது. அது எனக்குத் தெரிந்த நாளில் நான் சந்தோஷப்படவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். கொஞ்சம் பட்டேன். உடனே வெட்கமாகவும் இருந்தது.

மணிக்கட்டு குளிர்காலத்தில் அவளுக்கு இன்னும் வலிக்கிறது. கனமான போர்வைகளைத் தூக்க முடிவதில்லை. அதனாலேயோ என்னவோ ரிசார்ட்டில் போன மாதம் அவளை சூப்பர்வைசராக்கினார்கள். மற்ற பெண்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் நீல கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன், பதினாறு வருஷமாக அதே கடைக்குப் போகிறவள்.

"எப்பிடிக்கா இருக்கு?" என்று கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

நன்றாக இருக்கிறது என்று வாய் வரை வந்தது. "பொறாமையா இருக்கு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி" என்றாள். பஸ் வந்தது. உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. அவள் உட்கார்ந்துகொண்டு என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கும் வரை நின்றே போனேன்.