அப்பா வேதத்தில் சேர்ந்த கதை

எங்கள் அப்பாவுக்கும் சாமிக்கும் ஏழாம் பொருத்தம். மாரியம்மன் திருவிழா என்றால் எங்கள் மலாயா ரப்பர் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளெல்லாம் மஞ்சளும் வேப்பிலையுமாகத் திரியும். அவர் மட்டும் வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். கரகம் எதிரே வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அம்மாவுக்கு மானம் போகும்.

அப்பேர்ப்பட்ட மனுஷர், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் சாயங்காலமானால் கீழ் லயத்துக் கிறிஸ்தவ வேதக்காரர்களின் ஜெபக் கொட்டகையில் போய்ப் பாட்டுக் கேட்கிறார் என்று சேதி வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெரிய வெள்ளியன்று செமோரிலிருந்து அவளுடைய அண்ணன், என் மாமா, வந்து இறங்கினார். மச்சான் வேதத்தில் சேர்ந்திருந்தால் தன் தங்கச்சியான அம்மாவையும் என்னையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். அப்பா இல்லாத வீடு என்ன வீடு?

மூவரும் போனோம். கொட்டகைக்குள், எங்களோடு பால் வெட்டும் அக்கா ஒருத்தி, இறந்த மகனை மடியில் போட்டு மாதா அழுவதைப் பாடிக்கொண்டிருந்தாள். வேதப் பாட்டு என்று பேர்தான், மெட்டு அப்படியே நம் ஒப்பாரி. வெளியே தூணைப் பிடித்தபடி அப்பா நின்றார். முகமெல்லாம் கண்ணீர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூரான் கடித்தபோதுகூடச் சிரித்தவர் அவர்.

"வேதத்துல சேந்துட்டீங்களா?" என்றாள் அம்மா.

"எனக்கு எந்தச் சாமியும் வேணாம். அவ புள்ளைக்கு அழுவுறா. அதக் கேக்கத்தான் வாரேன்."

சண்டை போடுவாள் என்று பார்த்தால், அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். பாடிய அக்காவே பாட்டை நிறுத்திவிட்டாள். மாமா வெலவெலத்துப் போனார், பாவம். ஒருத்தரை மீட்க வந்து இரண்டு பேரையும் பறிகொடுத்த மாதிரி முழித்தார். தங்கச்சியை உலுக்கினார். அவள் அவர் காதில் என்னமோ சொன்னாள். தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எங்களைக் கூப்பிடாமல் தனியாகவே ஊர் திரும்பினார்.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. வேதக்காரர்கள் வீட்டுச் சாவுக்கு நம் வீட்டில் எதற்கு எழவு?

எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். கப்பலில் வந்து இறங்கிய வருஷமே அவர்களுடைய ஆண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டதாம். மாரியம்மனுக்கு நேர்ந்தும் பலிக்கவில்லை. புதைத்த மறுநாளே கங்காணி வேலைக்கு விரட்டியிருக்கிறார். உட்கார்ந்து அழக்கூட விடவில்லை.

கொட்டகை வாசலில் முறைத்துக்கொண்டு நின்ற அன்றைக்கு, எங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளை நான்தான் என்று நினைத்திருந்தேன்.